பலெர்மோவில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்!

பலெர்மோவுக்கு வருகிறவர்கள் தேவாலயங்களின் தங்க மொசைக்கை அண்ணாந்து பார்க்கிறார்கள். மாஸிமோ நாடக அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இன்றைக்கு நீங்கள் என்னோடு மளிகைக் கடைக்கு வாருங்கள்! சிசிலித் தீவின் இந்தத் தலைநகரில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷத்தைத் தருகிற இடம் கடை அலமாரி. நம் ஊரில் ஒரு பெயரில் பார்த்த பண்டம் இங்கே இன்னொரு பெயரில், இன்னொரு நிறத்தில் உட்கார்ந்திருக்கும். எடுத்துத் திருப்பினால் போதும், குட்டு உடைந்துவிடும். முன்பக்கம் இருப்பது அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். பின்பக்கம் இருப்பது அந்த ஊரின் சட்டம், வெயில், விவசாயம் எல்லாம். இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே நடக்கிற கூத்தைத்தான் பார்க்கப் போகிறோம்.

கடைக்குள் நுழையும் முன்பே முதல் வேடிக்கை வாசலில் நிற்கிறது. ஐஸ்கிரீம் பெட்டி. அதன்மேல் சிவப்பில், கோட்டால் சுழித்து வரைந்த இதயம். சென்னைக் கடற்கரையில் வண்டி தள்ளிக்கொண்டு போகிறவரிடம் பார்த்த அதே இதயம்தான்! அங்கே அதன்கீழே குவாலிட்டி வால்ஸ் என்று இருக்கும். இங்கே அல்ஜிதா. ஜெர்மனியில் லங்னேசே, ஸ்பெயினில் ஃப்ரிகோ, பிரேசிலில் கிபோன், பிரிட்டனில் வெறும் வால்ஸ். யூனிலீவர் நிறுவனம் பல நாடுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த உள்ளூர்க் கம்பெனிகளை வாங்கியது. வாங்கியதே தவிர பெயரில் கைவைக்கத் துணியவில்லை. சின்ன வயதில் அப்பா வாங்கிக்கொடுத்த ஐஸ்கிரீமின் பெயரை யார் மாற்றச் சம்மதிப்பார்கள்? ஆகவே எழுத்தை அந்தந்த ஊருக்கு விட்டுவிட்டு, 1998இல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் இதயத்தைப் போட்டார்கள். எழுத்துத் தெரியாத குழந்தைகூட எந்த நாட்டிலும் விரல் நீட்டிக் கேட்டுவிடும்.

பெட்டிக்குள் கிடக்கும் கார்னெட்டோவுக்கு மட்டும் அநேகமாக எங்கேயும் ஒரே பெயர். அது பிறந்தது இங்கிருந்து ஒரு ராத்திரிக் கப்பல் தூரத்தில், நேப்பிள்ஸில். கோன் ஊறி நமத்துப் போவதுதான் அன்றைய ஐஸ்கிரீம்காரர்களின் பெரிய தலைவலி. 1959இல் ஸ்பீக்கா என்ற நேப்பிள்ஸ் கம்பெனி கோனின் உட்புறத்தில் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் கலந்து பூசியது. ஈரம் உள்ளே இறங்கவில்லை. கடைசிக் கடியில் வரும் அந்தச் சாக்லேட் கட்டி, பூசியது வடிந்து அடியில் உறைந்தது! 1976இல் யூனிலீவர் ஸ்பீக்காவை வாங்கி, கார்னெட்டோவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இப்போது உள்ளே. பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மிட்டாய் அடுக்கு. அங்கே அல்பென்லிபே! நம் ஊர்ப் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் அதே பால் மிட்டாய். பெயரைக் கேட்டு ஜெர்மனி, சுவிஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யும் பெர்ஃபெட்டி, மிலானுக்குப் பக்கத்தில் லைனாத்தே என்ற ஊரில் 1946இல் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய மிட்டாய்ப் பட்டறை. இத்தாலிக்காரர்களைக் கேட்டால் பெர்ஃபெட்டி என்றதும் புரூக்ளின் சூயிங்கத்தையும், விகோர்சோலையும், கோலியா என்ற கருப்பு அதிமதுர மிட்டாயையும் சொல்வார்கள். நம் ஊரில் அதே கம்பெனிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது சென்டர் ஃப்ரெஷ். அதன் இந்தியத் தொழிற்சாலைகளில் ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில், காரணைப்புதுச்சேரியில்! செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் மெல்லும் சூயிங்கத்துக்கும் மிலான் பக்கத்துப் பிள்ளைகள் மெல்லுவதற்கும் முதலாளி ஒருவர்தான். உறைதான் வேறு. கொஞ்சம் உள்சரக்கும் வேறு. சூயிங்கம் பூச்சுக்குப் பளீரென்ற வெள்ளை தந்துகொண்டிருந்த டைட்டானியம் டை ஆக்சைடை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவிலிருந்து நீக்கிவிட்டது. அந்த வருடத்தோடு இங்கே பல பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் ஒரு வரி காணாமல் போனது.

சோப்பு வரிசையில் நிற்க நேரமில்லை, ஓடிக்கொண்டே பாருங்கள். நம் வீட்டுக் கம்ஃபர்ட் இங்கே கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கொக்கோலினோ. ஜெர்மனியில் பெர்சில் விற்கும் ஹென்கெல் இத்தாலியில் டிக்சான் விற்கிறது. ஒரு காலத்தில் காரைக்காலில் ஆலை வைத்து நமக்கு ஹென்கோ விற்றதும் இவர்கள்தான். மொட்டைத் தலையும் காதில் வளையமுமாகக் கைகட்டி நிற்கும் மிஸ்டர் கிளீன், இத்தாலியில் மாஸ்திரோ லிந்தோ. ஆள் அதே ஆள்!

சாக்லேட் அடுக்கில் கொஞ்சம் நிற்கலாம். ஜூலை மாதம் வந்திருந்தால் ஃபெரெரோ ரோஷெரைத் தேடித் தேடிக் களைத்துப்போவீர்கள். திருட்டும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. ஃபெரெரோ நிறுவனம் ரோஷெர், மோன் ஷெரி, பாக்கெட் காபி மூன்றையும் வெயில் காலத்தில் இத்தாலியக் கடைகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். குளிர் எட்டிப் பார்க்கும்போது மீண்டும் வரும். உருகிப்போன உருண்டை தங்கள் பெயரில் யார் கைக்கும் போகக்கூடாது என்பது அவர்கள் பிடிவாதம். சிசிலி வெயில் அப்படி: 2021 ஆகஸ்ட் 11 அன்று இந்தத் தீவின் ஃப்ளோரிதியா ஊரில் 48.8 டிகிரி. ஐரோப்பாவிலேயே இதுவரை பதிவான உச்சம் அதுதான். இந்த வெயிலுக்கென்றே பிறந்தது போலத் தீவின் தெற்கே மோதிக்கா ஊரில் ஒரு சாக்லேட் உண்டு. சர்க்கரை கரையாத அளவு குறைந்த சூட்டில் அரைப்பதால் பல்லில் நறநறவென்று கடிபடும். 2018இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். மோதிக்கா என்ற பெயரை இனி வேறு ஊர்க்காரர் சாக்லேட் உறையில் போட முடியாது.

முட்டை வடிவில் வரும் நம் ஊர்க் கிண்டர் ஜாய் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகிறது. அதே முட்டையை இத்தாலிக்காரர்கள் மெரெண்டெரோ என்று கேட்டு வாங்கிப் பழகியவர்கள். பாதியில் கரண்டியால் வழித்துத் தின்னும் கூழ், பாதியில் பொம்மை: உருகினாலும் கெடுதல் இல்லாத அமைப்பு!

குளிர்பானப் பக்கம் திரும்பினால் ஃபான்டா. ஆரஞ்சு நிற ஃபான்டா 1955இல் நேப்பிள்ஸில் பிறந்தது என்பது பலருக்கும் தெரியாது. அந்தப் பாட்டிலின் பின்பக்கத்தை இங்கே கட்டாயம் படிக்க வேண்டும். 2014இல் இத்தாலிப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதுவரை 12 சதவீதம் பழச்சாறு இருந்தால் ஆரஞ்சு பானம் என்று விற்க முடிந்தது. 2018 மார்ச் முதல் 20 சதவீதம் வேண்டும். எதற்காக? சிசிலியிலும் கலாப்ரியாவிலும் தோட்டத்தில் விலை போகாமல் நிற்கும் ஆரஞ்சுக்காக. ஒரு குளிர்பான லேபிளில் இருக்கும் எட்டு சதவீத வித்தியாசத்துக்குள் ஒரு தீவின் தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். இதைப் படித்தபோது பாட்டிலைக் கீழே வைக்க எனக்கு மனமே வரவில்லை.

சரி, பெரிய கடை போதும். இப்போதுதான் நான் உங்களை உண்மையில் கூட்டிப்போக நினைத்த இடம் வருகிறது.

பல்லரோ சந்தையைச் சுற்றியுள்ள சந்துகளில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. 1980களிலிருந்து போரின் காரணமாக ஈழத்திலிருந்து வந்தவர்கள் பலெர்மோவில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். ஊரின் காவல் தெய்வமான புனித ரோசலியாவைக் கும்பிட பெல்லெக்ரினோ மலை ஏறுகிறவர்களில் நம்மவர்கள் ஏராளம், இந்துக்களும் உட்பட. அந்தச் சந்துக் கடைகளில் ஒன்றின் வாசலில் நின்றால் காதில் விழுவது இது:

“தம்பி, நெஸ்பிறே இருக்கோ?”

“இல்லை அக்கா. நிடோதான் இருக்கு. அதே கொம்பனிதான், பேர்தான் வேற.”

“பிள்ளையள் குடிக்குங்களோ?”

“என்ர பிள்ளையள் அதைத்தான் குடிக்குதுகள்.”

இலங்கையில் நெஸ்லே தன் முழு ஆடைப் பால்மாவை நெஸ்பிறே என்று விற்கிறது. மற்ற பல நாடுகளில் அதன் பால்மாவுக்குப் பெயர் நிடோ. இந்தியாவிலோ எவ்ரிடே என்று தேநீருக்கான பால்பொடி. கொழும்பில் வளர்ந்த ஒருவர், சென்னையில் வளர்ந்த ஒருவர், பலெர்மோவில் பிறந்த ஒருவர் மூன்று பேரும் ஒரே அடுக்கின் முன்னால் நின்றால் மூன்று பெயர் சொல்வார்கள். கடைக்காரர் மூன்றையும் மனதிலேயே மாற்றி, கை நீட்டி ஒரே டின்னை எடுப்பார். இந்த வித்தையை எந்தக் கணினியும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை!

பின்னறையை எட்டிப் பாருங்கள். கூரை வரை அட்டைப்பெட்டி. சிவப்பு அரிசி மா, வறுத்த கறித்தூள், தேங்காய்ப்பால் பொடி, மாசிக் கருவாடு, மஞ்சி, மலிபன் என்ற இரண்டு இலங்கைக் கம்பெனிகள் போட்டிபோட்டுச் செய்யும் கிறீம் கிரேக்கர், லெமன் பஃப் பிஸ்கட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். பெரும்பாலும் இறக்குமதி செய்கிற மொத்த வியாபாரியின் கிடங்கிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஸ்டிக்கர்தான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

2014 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய உணவுத் தகவல் சட்டம் சொல்வது: பொருள் என்ன, என்னென்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு எடை, எந்தத் தேதி வரை, யார் பொறுப்பு, இத்தனையும் அந்த நாட்டு மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இங்கே இத்தாலியன். எழுத்தின் உயரத்துக்குக்கூட அளவு உண்டு; சிற்றெழுத்து எக்ஸ் பொதுவாகக் குறைந்தது 1.2 மில்லிமீட்டர். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் சேர்ந்திருந்தால் மற்ற எழுத்திலிருந்து தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். அந்தப் பதினான்கில் கடுகு உண்டு. எள் உண்டு. தாளிக்காமல் சமைக்கத் தெரியாத நமக்கு இது எப்படி இருக்கும்! ஊறுகாய் பாட்டிலின் ஸ்டிக்கரில் கடுகு தடித்த எழுத்தில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அதற்குப் பட்டாபிஷேகம் நடந்தது போலப் பூரிப்பாக இருக்கிறது. சிசிலி ரொட்டிக்கும் அதே சட்டம்தான். இங்கே வீட்டுக்கு வீடு தின்னும் ரொட்டியின் மேலே எள் அப்பியிருக்கும்.

நிறத்துக்கு வேறு சட்டம். டார்ட்ராசின், சன்செட் எல்லோ உள்ளிட்ட ஆறு செயற்கை நிறங்களில் ஒன்று இருந்தாலும், குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வரி வேண்டும். 2010 ஜூலை முதல் இந்த விதி. ஊரில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் சிவப்புமாக நாம் தின்ற மிட்டாய்கள் இங்கே வந்தால், அந்த வரியைச் சுமந்துகொண்டு வரவேண்டும். இல்லையேல் நிறத்தை மாற்றிக்கொண்டு வரவேண்டும். ஐரோப்பாவுக்கென்று தனியாகச் செய்த பாக்கெட் ஊரில் கண்டதைவிட வெளிறித் தெரிந்தால் வெயிலில் வெளுத்ததாக நினைக்காதீர்கள்.

ஸ்டிக்கர் எதை மறைக்கிறது என்று பார்ப்பதில்தான் எனக்குப் பைத்தியம். இந்தியப் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி: சைவம். இங்கே அதற்குச் சட்ட மதிப்பில்லை. அதிகபட்ச சில்லறை விலை என்று நாம் கடைக்காரரோடு சண்டை பிடிக்க உதவும் அந்த வரியும் இங்கே செல்லாது. உறையில் விலை அச்சிடும் வழக்கமே இத்தாலியில் இல்லை. பதிலுக்கு, அலமாரிச் சீட்டில் கிலோவுக்கு எத்தனை யூரோ என்று எழுதியாக வேண்டும். 180 கிராம் பாக்கெட்டையும் 250 கிராம் பாக்கெட்டையும் ஒரு பார்வையில் ஒப்பிட்டுவிடலாம். இந்த அலமாரிச் சீட்டை நம் ஊருக்கும் உடனே கொண்டுவர வேண்டும் என்று நான் சத்தியமாகச் சொல்வேன்.

இலங்கைப் பாக்கெட்டில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரிசையாக இருக்கும். இத்தாலிய ஸ்டிக்கர் சில சமயம் சரியாகத் தமிழின் மேலேயே உட்கார்ந்துவிடும். அரிசி மா பாக்கெட்டில் ஓரத்தில் ‘மா’ மட்டும் எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்க மனசு சங்கடப்படும். அடுத்த பாக்கெட்டில் ஸ்டிக்கரைச் சற்றுத் தள்ளி, தமிழ் முழுசாகத் தெரியும்படி ஒட்டியிருப்பார்கள். எந்தக் கை ஒட்டியதோ, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு. இத்தனைக்கும் இந்த ஊருக்கு மும்மொழி புதிதல்ல. பழைய யூதத் தெருக்களின் பெயர்ப்பலகைகளில் இத்தாலியன், ஹீப்ரு, அரபு மூன்றும் இன்றைக்கும் சேர்ந்திருக்கின்றன.

ஸ்டிக்கருக்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில் ஒரு சங்கேதம்: பிபி 5, பிஏபி 21. அது பாக்கெட்டின் சாதி ஜாதகம் அல்ல, குப்பை ஜாதகம். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன், 21 என்றால் அட்டை. 2023 ஜனவரி 1 முதல் இத்தாலியில் ஒவ்வொரு உறையும் தான் எதனால் ஆனது, எந்தத் தொட்டியில் விழ வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். தேயிலைப் பெட்டியில் மட்டும் யாரும் தொடாத ஒரு முத்திரை: வாளேந்திய சிங்கம். முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்தால்தான் அந்தச் சிங்கத்துக்கு அனுமதி. லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ பொதி செய்த சிலோன் டீக்குச் சிங்கம் கிடையாது!

மாவு அடுக்குக்கு வந்தால் இன்னொரு கொண்டாட்டம். யாழ்ப்பாணத்தில் கோதுமை மா என்றால் திருகோணமலை ஆலையின் பிரிமா மா. தமிழ்நாட்டில் மைதா. இங்கே அதற்குப் பெயரே எண்: 00. மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலை அளந்து இத்தாலி பெயர் வைக்கிறது. 0.55 சதவீதம் வரை 00, 0.65 வரை 0, அதற்குமேல் 1, 2 என்று போகும். தவிடு கூடக் கூடச் சாம்பல் கூடும், எண்ணும் கூடும். பலெர்மோவின் கொத்து ரொட்டி தட்டில் தாளம் போடுவது இந்த 00 மாவில்தான். ரவை வேண்டுமென்றால் கொஞ்சம் நிதானம் தேவை. மஞ்சளாகத் தெரிகிறதே என்று செமோலா ரிமாச்சினாத்தாவை எடுத்தால் உப்புமா களியாகிவிடும். அது டியூரம் கோதுமையை இரண்டு முறை அரைத்த நைஸ் மாவு, சிசிலி ரொட்டிக்கு உரியது. கேட்க வேண்டியது செமோலினோ.

பெயரும் ஊரும் பிரிந்துபோன கதை ஒன்று இந்தத் தீவில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 1923இல் மெசினா நகரில் தொடங்கிய பீர், பிர்ரா மெசினா. காலப்போக்கில் அந்தப் பெயர் ஹைனகன் என்ற பெரிய பீர் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஊரிலிருந்த ஆலை கடைசியில் நின்றுபோனது; பெயர் மட்டும் பாட்டிலில் ஊர் ஊராகச் சுற்றியது. வேலை இழந்த 15 தொழிலாளர்கள் தங்களுக்கு வரவேண்டிய பணிக்கொடையைப் போட்டு 2013இல் கூட்டுறவு ஒன்று அமைத்தார்கள். சொந்த ஊரில், சொந்தக் கையால் பீர் காய்ச்சினார்கள். ஆனால் ஊர்ப் பெயரை அந்தப் பழைய வடிவில் பாட்டிலில் போட உரிமை இல்லை! மெசினா ஜலசந்தியின் பெயரால் பிர்ரா டெல்லோ ஸ்ட்ரெட்டோ என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். இன்னொன்றுக்கு டாக் 15. அந்தப் பதினைந்து அவர்கள் தலைகளின் எண்ணிக்கை. 2019இல் ஹைனகன் டிராபனி உப்புக் கலந்த பிர்ரா மெசினா ஒன்றைக் கொண்டுவந்தது. இன்று சிசிலிக் கடைகளில் ஹைனகனின் பாட்டிலையும் தொழிலாளர்களின் பாட்டிலையும் பார்க்கலாம். எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பதினைந்து போட்ட பாட்டில்.

பலெர்மோவுக்கே சொந்தமான உறை ஒன்று வேண்டுமா? டுட்டோனேயின் சோம்புச் சாரம். 1813இலிருந்து இதே ஊரில் வடிக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் சில சொட்டு விட்டால் பால் போல வெளுக்கும். வெயிலில் வாடி வருகிறவர்கள் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள்.

கடைசியாக, உறையே இல்லாத ஒரு சரக்கு. பல்லரோ சந்தைக்குள் இறங்கினால் வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவது காதை அடைக்கும். இந்தக் கூவலுக்கே அப்பன்னியாத்தா என்று பெயர். கோடையில் வந்தால் ஒரு கை நீளத்துக்கு மேல் வெளிர் பச்சையாகக் குவிந்து கிடக்கும் காய் ஒன்றைப் பார்ப்பீர்கள். குக்குத்ஸா என்று கூவுகிறார்கள். தொட்டுப் பாருங்கள். சுரைக்காய்! தாவரவியல் பெயரும் ஒன்றேதான். ஐரோப்பாவின் பெரும்பகுதி மறந்துபோன அந்தக் காயைச் சிசிலி விடவில்லை. காயோடு நிற்கவும் இல்லை; கொடியின் இளந்தளிரையும் கட்டுக்கட்டாக விற்கிறார்கள், தெனெரூமி என்று. பலெர்மோக்காரர்கள் அதைத் தக்காளியும் உடைத்த ஸ்பகெட்டியும் போட்டுக் கஞ்சி மாதிரி காய்ச்சுகிறார்கள். நீங்கள் வாங்கினால் தளிரைத் தேங்காய்ப்பால் சொதியில் போடுங்கள்; காயைப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள். தளிர் அன்றன்றைக்கே வாடிவிடும் என்பதால் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள், கிலோ விலைச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள், கைப்பையை மறக்காதீர்கள்.